கணுக்கண்

வண்டி நிறுத்துமிடத்தில் நீலப் பலகை.
அதில் வெள்ளைக் கோடுகளாய் நான்,
எப்போதும்போல வலப்பக்கம் பார்த்துக்கொண்டு.
பலகையில் இருப்பவளுக்கு
முன்னால் எந்தத் தடையும் இல்லை.

வெரிபிக்குத் தெற்கே, குடாவை ஒட்டிய சதுப்பு.
மரப்பாதை நல்ல பாதைதான், குறை சொல்லக்கூடாது.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி.
முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் தட்டி
என் பற்களை எண்ணிக்கொண்டே போயிற்று,
இருநூற்றுப் பத்து மீட்டர்.
இருபுறமும் காதுயரத்துக்குக் கோரை.
உப்பும் அழுகலும் கலந்த சேற்று வாசம்.
பிறகு பறவை பார்க்கும் குடில்.
குடிலின் வாசலில் ஒரு படி.

எப்படி இருந்தது என்று போனில் கேட்டார்
நகரசபை பிரண்டன்.
எப்படி என்பதிலேயே இருக்கிறதே ஒரு படி,
அதுதான் ஐயா பிரச்சினை என்று சொல்ல
ஆங்கிலத்தில் வழியில்லை.
ஒரு படி, என்றேன்.
ஒன்றுதானே, என்றார்.

ஒன்றுதான்.
ஜப்பானிலிருந்து உள்ளான்கள் வந்திறங்கும் செப்டம்பர் அது.
உள்ளங்கையில் கொள்ளும் உடம்பு,
ஆயிரமாயிரம் கிலோமீட்டர் தண்ணீர்,
வழியில் ஒரு படிகூட இல்லை.
கடல் தாண்டியவளுக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்பார்கள்.
நானும் கடல் தாண்டியவள்தான்.
வாய்க்கால் பதினான்கு சென்டிமீட்டர்.

மூன்று கடிதம், பதினோரு மாதம், ஒரு சாய்தளம்.
உள்ளே போனேன்.
நிற்பவர் கண்ணுக்கு அளந்து வெட்டிய நீளச் சாளரம்.
எனக்கு அது ஏணி வைத்தாலும் எட்டாது
(ஏணி வைத்தால் யார் ஏறுவது).
தலைகளுக்கு மேலே வெளிச்சம்.
பச்சைத் தொப்பிக்காரர் ஆஹா என்றார்,
அவர் மனைவி ஆஹா என்றார்,
எனக்கு வாய்த்தது பைன் மரப் பலகை.
பார்க்க வந்தவள் பார்த்துத்தானே ஆகவேண்டும்,
பலகையைப் பார்த்தேன்.

அதில் ஒரு கணு உதிர்ந்து போயிருந்தது.
ஐந்து காசு அகலத்தில் ஓட்டை.
கண்ணை வைத்தேன். முதலில் வெறும் மினுக்கம்.
பிறகு ஒரு கால், நாணல் நிறத்தில்.
பிறகு அலகு, சேற்றைத் தைத்துத் தைத்து எடுக்கும் ஊசி.
கடைசியாகக் கண்.
தலையின் பின்னோரம் ஒதுங்கிய கறுப்பு மணி,
என் ஓட்டையையே பார்ப்பதுபோல.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
தொப்பிக்காரர் போய்விட்டிருந்தார்.

அன்ரனெட் அடுத்த முறை கூட வந்தாள்.
பிறவியிலேயே பார்வையில்லாதவள்,
சாளரத்தின் உயரம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.
வாசலில் பிரெயில் தகவல்பலகை உண்டென்று
இணையத்தில் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.
உண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள்.
மழையில் நனையாமல், விரல் படாமல்.
அவள் கண்ணாடியைத் தடவினாள், கொஞ்ச நேரம்,
வழவழப்பாய் எழுதியிருக்கிறார்கள் என்றாள்.
குடிலுக்குள் தந்தி சுண்டினாற்போல ஒரு தவளை,
தள்ளி இன்னொன்று, அதைவிடத் தாழ்ந்த சுருதியில்.
ஏழு, என்றாள். இடப்பக்கம் ஐந்து.

இந்தக் கோடையில் ஆள்கள் வந்தார்கள்.
நாற்காலியில் இருந்தபடி என் கண் எவ்வளவு உயரம்
என்று நாடா பிடித்து அளந்தார்கள்.
முதுகெலும்பை அளந்திருக்கிறார்கள்,
கழிவறைக் கதவை அளந்திருக்கிறார்கள்.
கண்ணை அளந்தது அன்றுதான்.
நூற்றுப் பன்னிரண்டு.
பிறகு ரம்பம்.

இப்போது என் முகத்துக்கு நேரே முழு நீர்ப்பரப்பு.
காற்று நேராக வந்து கன்னத்தில் அறைகிறது.
நாற்பது பறவைக்கு மேல்,
எதைப் பார்ப்பது என்று விளங்கவில்லை.
பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த சாளரம் பிடித்துவிட்டது,
முண்டியடித்துத் தலை நீட்டுகிறார்கள்.
நானும் வரிசையில் நிற்கிறேன்.
நிற்கிறேன் என்றுதானே சொல்கிறோம்.

கணு இருந்த பலகை எங்கே என்று கேட்டேன்.
குப்பைக்குப் போயிற்றாம். சரி.

கண்ணாடிப் பெட்டி அப்படியே இருக்கிறது.
அப்படியிலும் ஒரு படி.
அன்புள்ள பிரண்டன் என்று தொடங்கியிருக்கிறேன்,
அன்ரனெட் சொல்லச் சொல்ல.